பல்லைப் பிடிச்சுப் பாரு பாஸ்!

தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. கைக்காசு போட்டு வாங்குற ரோடு பைக்கை? தாராளமா பார்க்கலாம்! ஒரு பல்லு விடாம எண்ணியே பார்க்கலாம். இந்த வாரம் நம்ம ஏரியா அதுதான்.

மெல்லிசு டயர், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், தலையில ஹெல்மெட்... ஞாயித்துக்கிழமை விடியற்காலையில ஈ.சி.ஆர். பக்கம் 'சர்ர்ர்'னு போற கோஷ்டியைப் பார்த்திருப்பீங்க. பார்த்ததும் 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?'னு மனசு அரிக்கும். ஸ்டைபெண்டு, ட்யூஷன் காசு, பொங்கல் காசு எல்லாத்தையும் உண்டியல்ல இருந்து கொட்டி எடுத்துக்கிட்டு கடைக்குப் போவீங்க. அங்கே சேல்ஸ் அண்ணன் சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேப்பார் பாருங்க... "கிளாரிஸ் பார்க்கறீங்களா, டியாக்ராவா, இல்ல ஒன் ஓ ஃபைவே போயிடலாமா தம்பி?"

அவ்ளோதான். தலை கிர்ர்ர்!

என் ரூம்மேட் போன மாசம் அப்படித்தான் சுத்திக்கிட்டு வந்தான். ஏறக்குறைய ஒரே மாதிரி ரெண்டு சைக்கிள். ஒண்ணுல கிளாரிஸ், இன்னொண்ணுல 105. நடுவுல இருக்கிற விலை வித்தியாசம் எங்க மெஸ் பில் கணக்குல பல மாசம். "அம்மா சீட்டு எடுத்துத் தர்றேன்னு சொல்லிட்டாங்க மச்சி. 105 வாங்கிடவா?"ன்னு கேட்டான். அம்மா சீட்டுக் காசுன்னா சும்மாவா? மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மானத்தைக் காப்பாத்த பேப்பர், பென்சில், கால்குலேட்டரோட உட்கார்ந்தோம். அந்தக் கணக்குதான் இப்ப உங்களுக்கு.

முதல்ல, க்ரூப்செட்னா என்ன?

கியர் மாத்துற லீவர், பிரேக், முன்னாடி க்ராங்க், அதுல இருக்கிற பெரிய பல்சக்கரங்கள், பின்சக்கரத்துல அடுக்கடுக்கா இருக்கிற குட்டிப் பல்சக்கரங்கள் (இதுக்குப் பேரு கேஸட். பாட்டு கேக்கற கேஸட் இல்லீங்கோ!), செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளி விடுற டிரெய்லியர், அப்புறம் செயின். இத்தனையும் ஒரே குடும்பமா, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போற மாதிரி டிசைன் பண்ணி விக்கிறாங்க. அந்தக் குடும்பத்துக்குப் பேருதான் க்ரூப்செட். சைக்கிள் கம்பெனி பெரும்பாலும் ஃப்ரேமை மட்டும்தான் தன் பேர்ல போடும். ஓடுற, நிக்கிற சமாசாரமெல்லாம் இந்தக் குடும்பத்தோட பொறுப்பு.

உலகம் முழுக்க ரோடு பைக் உலகத்தை ஆட்டி வைக்கிறது மூணு பேர். ஜப்பானோட ஷிமானோ, 1921-ல சகாய் நகரத்துல ஆரம்பிச்சது. முதல்ல செஞ்சது சாதா ஃப்ரீவீல். இத்தாலியோட கம்பாக்னோலோ, 1933-ல விசென்ஸாவுல ஆரம்பிச்சது. மூணாவது அமெரிக்காவோட ஸ்ராம், 1987-ல சிகாகோவுல பிறந்த பொடியன். ஸ்காட், ரே, சாம்னு மூணு பேரோட பேரைக் கலந்து கட்டினதுதான் அந்தப் பேரு. நம்ம ஊர் கடைகள்ல பட்ஜெட் ரோடு பைக்னு கேட்டா பத்துக்கு ஒன்பது ஷிமானோதான் கண்ணுல படும். அதனால அந்த ஏணியில மட்டும் ஏறிப் பார்ப்போம்.

ஏணிப்படி எத்தனை?

கீழே இருந்து சொல்றேன், விரல் விட்டுக்குங்க. டூர்னி: பின்னாடி 7 பல்சக்கரம். கிளாரிஸ்: 8. சோரா: 9. டியாக்ரா: 10. அடுத்து நம்ம ஹீரோ 105: ரொம்ப நாளா 11-ஆ இருந்து இப்ப 12. அதுக்கு மேல அல்டெக்ரா, உச்சியில டியுரா ஏஸ். இந்த ரெண்டும் 2021-ல வந்த தலைமுறையில இருந்து 12 பல்சக்கரம், எலெக்ட்ரானிக் கியர் மட்டும்தான்.

நடுவுல ஒரு புது விருந்தாளியும் உண்டு. கியூஸ்னு 2023-ல ஷிமானோ இறக்கின குடும்பம். 9, 10, 11 பல்சக்கரத்துல வருது. தடியான பல்லு, சீக்கிரம் தேயாதுங்கறதுதான் இதோட ப்ளஸ். வளைஞ்ச ஹேண்டில்பாருக்கு 2025-ல வந்தது. கிளாரிஸ், சோரா, டியாக்ரா உட்காருற பெஞ்சுலதான் இதுவும் உட்காருது. ஒரே ஒரு எச்சரிக்கை: கியூஸோட பல்சக்கரமும் டிரெய்லியரும் பழைய குடும்பத்தோட சம்பந்தம் பண்ணாது. ஒண்ணு கியூஸ், இல்ல பழசு. கலப்படம் கூடாது.

சரி, 8 பெருசா 12 பெருசா? இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க.

கால்குலேட்டரை எடுங்க!

'நிறைய கியர் இருந்தா நிறைய ஸ்பீடு'ன்னு தானே நினைக்கிறீங்க? ரூம்மேட்டும் அப்படித்தான் நினைச்சான். வாங்க, தட்டிப் பார்ப்போம்.

ரோடு பைக் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னாடி 50 பல்லு, பின்னாடி 11 பல்லுன்னு வைங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் 50-ஐ 11-ஆல வகுத்தா வர்ற 4.54 சுத்து. நிமிஷத்துக்கு 90 தடவை மிதிச்சீங்கன்னா மணிக்குச் சுமார் 51 கி.மீ. இது உங்க சைக்கிளோட உச்ச கியர்.

இப்ப மேட்டர் என்னன்னா, கிளாரிஸ்லயும் இந்த 50-க்கு 11 உண்டு. 105-லயும் இதே 50-க்கு 11 உண்டு. உச்ச கியர் ரெண்டுலயும் ஒண்ணேதான்! 51-ல போக முடியலைன்னா குத்தம் க்ரூப்செட் மேல இல்ல, தொடை மேல.

அப்ப கூடுதல் பல்சக்கரம் எதுக்கு? நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்ப. 11-ல ஆரம்பிச்சு 32-ல முடியற கேஸட்டை எடுத்துக்குங்க. எட்டு சக்கரம்னா 11, 13, 15, 18, 21, 24, 28, 32. பதினொரு சக்கரம்னா 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. ரெண்டு வீட்டுக்கும் வாசலும் கொல்லைப்புறமும் ஒண்ணுதான். நடுவுல படிக்கட்டு எவ்வளவு நெருக்கமா இருக்குங்கறதுதான் வித்தியாசம்.

இது காலுக்கு எப்படித் தெரியும்? 50-க்கு 18-ல, 90 மிதியில, மணிக்கு 31 கி.மீ. போய்க்கிட்டு இருக்கீங்க. அடுத்த கியர் போடுறீங்க. எட்டு சக்கரத்துல அது 15. அதே வேகத்துக்கு மிதி 75-ஆ குறையும். கால்ல 'தொம்'னு ஒரு பாரம் ஏறும். பதினொண்ணுல அடுத்தது 16. மிதி 80. இறக்கம் கொஞ்சம் இதமா இருக்கும். கூட்டமா, ஒருத்தர் பின்சக்கரத்தை ஒட்டி ஒருத்தர் போகும்போதும், ரேஸ்லயும் இந்த அஞ்சு மிதி பெரிய விஷயம். தனியா மகாபலிபுரம் போய் இட்லி சாப்பிட்டுட்டு வர்றவனுக்கு? இட்லியோட எண்ணிக்கைதான் பெரிய விஷயம்!

இன்னும் சந்தேகமா? 1972-ல மெக்சிகோ சிட்டியில எடி மெர்க்ஸ்னு ஒரு பெல்ஜியம்காரர் ஒரு மணி நேரத்துல 49.431 கி.மீ. ஓட்டினார். அவர் சைக்கிள்ல கியர் எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. டூர் டி ஃப்ரான்ஸ்ல 1937 வரைக்கும் டிரெய்லியரையே உள்ளே விடலை. அதுக்கு முன்னாடியும் மனுஷன் அந்த மலையெல்லாம் ஏறித்தான் இருக்கான்.

கொல்லிமலை கேக்குற கேள்வி

உச்ச கியரை மறந்துடுங்க. நிஜமா கவலைப்பட வேண்டியது கடைசி கியரைப் பத்தி. ஏலகிரின்னா 14 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைன்னா 70! அங்கே 'மச்சி... முடியலடா'ன்னு மூச்சு வாங்கும்போது கை தானா லீவரைத் தட்டும். இன்னொரு பல்சக்கரம் இருக்கணுமேன்னு மனசு குலதெய்வத்தை வேண்டும்.

இதுக்கும் கணக்கு உண்டு. செங்குத்தான ஏத்தத்துல உங்க உடம்புக்கு மணிக்கு 8 கி.மீ.தான் முடியும்னு வைங்க. முன்னாடி 34, பின்னாடி பெரிய பல்சக்கரம் 28-ன்னா, நிமிஷத்துக்கு 52 மிதி. ஒவ்வொரு மிதியும் அம்மிக்கல்லை அரைக்கற மாதிரி. முட்டி கெஞ்சும். அதே இடத்துல 34 பல்லு இருந்தா 63 மிதி. அதே வேகம், அதே மலை, ஆனா முட்டி வாழ்த்தும்.

ஆக, பெரிய 28 இருக்கிற 105-ஐ விட, 34 இருக்கிற கிளாரிஸ் மலையில உங்களுக்கு நல்ல ஃப்ரெண்டு. கடையில கேக்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன க்ரூப்செட்?' இல்ல; 'பின்னாடி பெரிய பல்சக்கரத்துல எத்தனை பல்லு?' சின்னதா இருந்தா மாத்திக்கலாம். ஆனா டிரெய்லியரோட கூண்டு குட்டையா இருந்தா பெரிய பல்சக்கரத்தைத் தாங்காது. அதையும் சேர்த்துக் கேட்டுடுங்க.

"வெயிட்டு குறையுதே மச்சி..."

இது ரூம்மேட்டோட அடுத்த அஸ்திரம். உண்மைதான், மேலே போகப் போக எடை குறையும். அரை கிலோ குறையுதுன்னே வைங்க. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. அதுல அரை கிலோ, நூத்துல ஒரு பங்குக்கும் கம்மி. ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மலையில மிச்சமாகுறது அரை நிமிஷத்துக்கும் குறைவு. சமதரையில அதுவும் தெரியாது, அங்கே எதிரி காத்துதான். காத்தைச் சமாளிக்க குனிஞ்சு உட்காருங்க, தொளதொள டி-ஷர்ட்டைக் கழட்டி வைங்க. ரெண்டுமே ஃப்ரீ! (மெஸ் பரோட்டாவை நாலுல இருந்து ரெண்டாக் குறைக்கலாம்னு சொன்னேன். ரூம்மேட் ரெண்டு நாள் பேசலை.)

அப்ப 105 வேஸ்ட்டா?

ஐயோ, அப்படிச் சொன்னா நாக்கு அழுகிடும். மேல போகப் போகக் கிடைக்கிறது கைக்குத் தெரியும். லீவர் லேசாத் தட்டினாப் போதும், 'க்ளிக்'. பாரத்தோட மிதிக்கும்போதும் செயின் முரண்டு பிடிக்காது. முன் பல்சக்கரம் மாத்துறது வெண்ணெய். நாள் முழுக்க ஓட்டுறவங்களுக்கு இதோட அருமை சாயங்காலம் கையில தெரியும்.

ஆனா கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் ஒண்ணு உண்டு. அது பிரேக். கிளாரிஸ், சோராவுல டிஸ்க் பிரேக்னு எழுதியிருந்தா, அது வயர் இழுக்கற டிஸ்க். எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கற ஹைட்ராலிக் டிஸ்க், அந்தப் பழைய வரிசையில டியாக்ராவுல இருந்துதான் ஆரம்பம். ரெண்டு விரல்ல அழுத்தினா நிக்கும். மலை இறங்கும்போது கை நோகாது. மழைக்காலத்துல தினமும் காலேஜுக்கு ஓட்டப் போறீங்க, இல்ல மலைப் பைத்தியம் நீங்கன்னா கூடுதல் காசை இதுக்காகத் தரலாம், தப்பே இல்ல. அந்த அளவு பட்ஜெட் இல்லைன்னா? நல்ல ரிம் பிரேக்கே போதும். தேஞ்ச கட்டையை மாத்தி நல்ல பிரேக் கட்டை போட்டாலே பாதி பயம் போயிடும்.

இன்னொண்ணு, கேர்ள்ஸ் நோட் பண்ணிக்குங்க. குட்டிக் கைகளுக்கு லீவர் எட்டுதான்னு கடையிலயே உட்கார்ந்து பாருங்க. தூரம் குறைக்கற திருகு நிறைய லீவர்ல இருக்கு. கேட்டா செட் பண்ணிக் கொடுப்பாங்க. எட்டாத பிரேக், இல்லாத பிரேக்!

ஸ்டிக்கர் மாயாஜாலம்

இப்ப ஒரு ரகசியம். 'இது 105 பைக்'னு போர்டு மாட்டியிருப்பாங்க. நம்பி முன்னாடி குனிஞ்சு பார்த்தா க்ராங்க் வேற கம்பெனி, பிரேக் பேரே இல்லாத ஏதோ ஒண்ணு, கேஸட் ஒரு படி கீழே. 105-ன்னு பெருசா எழுதின பின் டிரெய்லியர் மட்டும் ஜம்முனு எல்லார் கண்ணுலயும் படற மாதிரி தொங்கும். கல்யாண வீட்டுல வாசல்ல மட்டும் வாழைமரம் கட்டின கதை!

எல்லாக் கலப்பும் மோசம்னு இல்ல. செயினும் கேஸட்டும் எப்படியும் தேஞ்சு மாத்தற சாமான்தான், அங்கே ஒரு படி இறங்கினா நஷ்டமில்ல. பிரேக்லயும் லீவர்லயும் இறங்கியிருந்தாதான் யோசிக்கணும். அதனால கடையில ஸ்பெக் ஷீட்டை வாங்கி லீவர், பிரேக், க்ராங்க், முன் டிரெய்லியர், பின் டிரெய்லியர், கேஸட், செயின்னு ஏழு வரியையும் டிக் அடிச்சுப் பாருங்க. ஹால் டிக்கெட்டைச் சரிபார்க்கற மாதிரி.

"இப்ப சின்னது... அப்புறம் பெருசு!"

'கிளாரிஸ் வாங்கிட்டு வேலைக்குப் போனதும் 105-ஆ மாத்திக்கலாம்'னு ஒரு பிளான் எல்லார் மனசுலயும் ஓடும். உஷார்! 8-ல இருந்து 11-க்கோ 12-க்கோ போறது பரோட்டாவுக்கு சால்னா மாத்துற வேலை இல்ல. லீவர், ரெண்டு டிரெய்லியர், கேஸட், செயின் எல்லாமே மாறணும். அதோட, 11 சக்கர ரோடு கேஸட் உட்கார பின் ஹப்போட உடம்பு 1.85 மி.மீ. அகலமா இருக்கணும். பழைய எட்டு சக்கர வீல்ல அது பெரும்பாலும் ஏறாது. அப்ப வீலும் புதுசு. கூட்டிப் பார்த்தா வேற சைக்கிளே வந்துடும்.

அதனால விதி எளிசு: எதை வாங்குறீங்களோ, அது தேயற வரைக்கும் அதோட குடும்பம் நடத்தப் போறேன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

தேயறதுன்னதும் ஞாபகம் வருது. பல்சக்கரம் கூடக் கூட செயின் ஒல்லியாகும், விலை குண்டாகும். எட்டு சக்கரச் செயின் மலிவு, பல ஊர்ல சுலபமாக் கிடைக்கும். பக்கத்துத் தெரு சைக்கிள் கடை அண்ணன்கூட கியர் வயரை இழுத்து ட்யூன் பண்ணிடுவார். பன்னெண்டு சக்கரம்னா பெரிய ஊர் கடையைத் தேடணும். சொந்த ஊர் கம்பத்துலயோ காரைக்குடியிலயோ இருக்கறவங்க இதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

செயின் எப்ப மாத்தணும்? இன்ஜினீயரிங் டிராயிங் கிளாஸ் ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வைங்க. புதுச் செயின்ல 12 இன்ச் கோடு இன்னொரு பின்னோட நடுவுல கச்சிதமா விழும். அந்தப் பின் கோட்டை விட்டு 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தா, டாட்டா சொல்லிடுங்க. இல்லைன்னா நீண்ட செயின் கேஸட்டையும் கடிச்சுத் தின்னுடும். அப்புறம் ரெட்டைச் செலவு.

பேட்டரி கியர் பத்தி ஒரே ஒரு வார்த்தை: சூப்பர்! பட்டனைத் தொட்டா மாறும். ஆனா அந்தப் பட்டனுக்குக் கொடுக்கற காசுல மத்தவங்க முழு சைக்கிளே வாங்கிடுவாங்க. கேம்பஸ் இன்டர்வியூ முடியட்டும், பேசிக்கலாம்.

கடைசியா தீர்ப்பு

ரூம்மேட்டோட கனவு என்னன்னா 200 கி.மீ. ப்ரேவே. இது ரேஸ் இல்ல, பதிமூணரை மணி நேரத்துக்குள்ள 200 கி.மீ. முடிச்சாப் போதும். டீ, டிபன், பங்ச்சர் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கி.மீ.கூட வேண்டாம். அதுக்கு 12 பல்சக்கரம் எதுக்கு? கால் பழகணும், உட்கார்ற இடம் பழகணும், சைக்கிள் சைஸ் சரியா இருக்கணும். இதுல எதையும் ஷிமானோ டப்பாவுல வெச்சு விக்கலை.

பேப்பரை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் போனை எடுத்து அம்மாகிட்ட சொன்னது இவ்வளவுதான்: "சீட்டு எடுக்க வேணாம்மா. கடைசி வரைக்கும் கட்டு, தள்ளு கம்மியாப் போகும்." வாங்கினது பின்னாடி 34 பல்லு இருக்கற கிளாரிஸ். மிச்சக் காசுல ஹெல்மெட், முன்பின் லைட், பம்ப், ரெண்டு ட்யூப், நல்ல டயர். ஒரு படி மேல இருக்கற க்ரூப்செட்டை விட நல்ல டயரோட வித்தியாசம் முதல் நாளே தெரிஞ்சுதாம்.

உங்களுக்கு? தினமும் காலேஜ், வார இறுதி ஜாலி ரைடுன்னா கிளாரிஸ் தாராளம். மாசத்துல நாலஞ்சு நீண்ட ரைடு, மலை, மழைன்னா சோராவும் டியாக்ராவும், இல்ல கியூஸும் நல்ல நடுவழி. காலேஜ் டீமுக்காக நிஜமாவே ரேஸ் ஓட்டுறீங்கன்னா 105-க்குச் சேர்த்து வைங்க, அந்தக் காசு வீண் போகாது. டூர்னி மட்டும் ரொம்பக் குறைஞ்ச பட்ஜெட்டுக்குத்தான். அதையும் கேஸட்டா, திருகு ஃப்ரீவீலான்னு கேட்டுட்டு வாங்குங்க. திருகு ஃப்ரீவீல்ல ஆக்ஸில் வளையற வாய்ப்பு கூட. செகண்ட் ஹேண்ட்ல தேடுறவங்களுக்கு ஒரு ஐடியா: நிறைய பேர் டிஸ்க்குக்கு மாறுறதால பழைய 11 சக்கர, ரிம் பிரேக் 105 சைக்கிள்கள் விலைக்கு வருது. கையில ஸ்கேலோட போங்க!

கடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி மூணே கேள்வி: எங்கே ஓட்டப் போறேன்? ஏத்தத்துல எனக்கு எத்தனை பல்லு வேணும்? கெட்டுப் போனா எங்க ஊர்ல யாரு பார்ப்பாங்க? மூணுக்கும் பதில் வெச்சிருந்தா, சேல்ஸ் அண்ணன் கேக்கற கேள்விக்கு உங்க தலை சுத்தாது. பெடல் மட்டும் சுத்தும்!